குமாரி அக்காவின் எக்ஸாஸ்ட்

என் அக்கா கிருஷ்ணகுமாரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் அவளைப் பெண் பார்க்க வந்தவரைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது. நல்ல மனிதர். தைப்பிங்கில் வேலை. மீசைகூட அளவாகத்தான் இருந்தது. பலகாரம் சாப்பிட்டு, எல்லாரிடமும் சிரித்துப் பேசிவிட்டுக் கிளம்பும்போது காரைப் பின்னால் எடுத்தார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. எங்கள் பூந்தொட்டி ஒன்று நொறுங்கியது. அக்கா உள்ளே வந்து, "எனக்கு வேண்டாம், சொல்லிடுங்க" என்றாள். அப்பா வீடு அதிரக் கத்தினார். ஒரு பூந்தொட்டிக்காகவா நல்ல சம்பந்தத்தை விடுகிறாய் என்று கேட்டார்.

"தொட்டிக்காக இல்லப்பா. பின்னால பாக்காம எடுக்கிற ஆள்கூட நான் எங்க போறது?" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் ஏதோ ஒரு குறை இருந்தது. கல்யாணம் என்ற பேச்சு மெதுவாக வீட்டில் ஓய்ந்துபோனது.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே குடும்பம். கொள்ளுத்தாத்தா ஸ்டேஷன் மாஸ்டர், தாத்தா கிளார்க், அப்பா கிளார்க். அண்ணன் சரவணமுத்து நில அலுவலகத்தில் இருந்து பென்ஷன் வாங்கி குளுவாங்கில் சொந்த வீட்டில் இருக்கிறார். ரயிலை ஓட்டியவர் எங்கள் வம்சத்தில் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் பிளாட்பாரத்தில் நின்று கொடி காட்டியவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு, கையிலிருந்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு, சிம்பாங் ரெங்கத்தில் டிரைவிங் ஸ்கூல் ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தாள் அக்கா. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார்கள். நான் பொய் சொல்லவில்லை, பழம் வாங்கிக்கொண்டு வந்து விசாரித்தார்கள்.

அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கிளட்ச்சை எப்போது விடுவது என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அன்னாசித் தோட்டத்து லாரிக்காரர்கள், ஃபேக்டரிப் பெண்கள், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காக லைசென்ஸ் எடுக்க வந்த அம்மாமார், எல்லாருக்கும் அவள்தான் டீச்சர். கத்த மாட்டாள். பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "இப்ப என்ன தப்புப் பண்ணீங்க, நீங்களே சொல்லுங்க" என்பாள். அதற்குக் கத்துவதே தேவலை என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அவளிடம் ஒரு பழைய சிவப்பு சத்ரியா கார் இருக்கிறது. வார நாளில் வேலைக்குப் போக அதுதான், ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கும் அதுதான். போட்டி என்றால் தெருவில் பறக்கிற கிறுக்குத்தனம் இல்லை. ஒரு திடலில் கூம்புகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக, ஒரு கூம்பையும் தட்டாமல் வளைந்து வளைந்து போய்த் திரும்ப வேண்டும். யாருக்கு நேரம் குறைச்சலோ அவர் ஜெயிப்பார். இளவட்டங்கள் நடுவில், நரைத்த தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் நிற்பாள் என் அக்கா. எப்போதும் முதல் வரிசைக்குள் வந்துவிடுவாள்.

போன வருஷம் வண்டியின் எக்ஸாஸ்ட் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அதை ஒட்டி ஒட்டி அலுத்துப்போய், இஞ்சின் முதல் பின்பக்கம் வரை புதுக் குழாயாகவே போட்டுவிடலாம் என்று அக்கா முடிவு செய்தாள். கொஞ்சம் பெரிய குழாய், புகை தங்குதடையில்லாமல் போகும், வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இழுவை கிடைக்கும், சத்தமும் கனமாக, அழகாக இருக்கும். சட்டம் அனுமதிக்கிற அளவுக்குத்தான் சத்தம் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் லோகேஸ்வரனின் ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டாள். லோகேஸ்வரன் கைராசிக்காரர் என்று ஊரில் பெயர். ஒர்க்ஷாப்பில் ஸ்பேனர்களைவிட சாமி படங்கள் அதிகம்.

குளுவாங்கில் அண்ணி அன்னபாக்கியத்துக்கு இந்தச் செய்தி எட்டியது. அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், அண்ணிதான் தலை பின்னி விடுவாள். பாசக்காரி, ஆனால் பயந்தாங்கொள்ளி. கோயிலில் கொடுக்கும் தாயத்து, அதாவது சின்னச் செம்புத் தகட்டைச் சுருட்டிக் கருப்புக் கயிற்றில் கோர்த்தது, அதை அண்ணி கட்டாத பொருள் வீட்டில் இல்லை. கேஸ் சிலிண்டரில் ஒன்று தொங்குகிறது. இன்டர்நெட் பெட்டியில் ஒன்று. என் கைப்பையிலும் ஒன்று கிடக்கிறது, எடுத்தால் சண்டைக்கு வருவாள். அக்கா மட்டும் தன் வண்டியில் கட்டவிட மாட்டாள். கண்ணாடியில் எதுவும் தொங்கக்கூடாது, பார்வையை மறைக்கும் என்பாள்.

புதுக் குழாய் போட்ட அன்றே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. கனமான சத்தத்துக்குப் பதிலாக, பால்டின்னில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு தகரச் சத்தம். அதையாவது பொறுக்கலாம். வண்டிக்கு உயிரே இல்லை. டவுனுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்துப் பக்கம் ஒரு மேடு இருக்கிறது. மூன்றாவது கியரில் சிரித்துக்கொண்டு ஏறுகிற வண்டி, இப்போது இரண்டாவதுக்கு மாற்றினாலும் முக்கியது. அக்கா திரும்பப் போய்க் கேட்டாள்.

"புது பைப் லா அக்கா. செட் ஆகணும். கொஞ்ச நாள் ஓட்டுங்க, சரியாயிரும்" என்றார் லோகேஸ்வரன். வண்டிக்குக் கீழே ஒரு தடவை குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்குள் மூவார் போட்டி வந்துவிட்டது. நானும் போயிருந்தேன், போகாமல் இருந்திருக்கலாம். கொடி இறங்க இறங்க மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகப் பாய்ந்தன, எங்கள் முறை வந்ததும் சத்ரியா இருமியது. ஒவ்வொரு கூம்பையும் அக்கா அழகாகத்தான் சுற்றினாள், ஆனால் சுற்றி முடித்து மிதித்தால் வண்டி கிளம்ப மாட்டேன் என்றது. கடைசி இடம். இத்தனை வருஷத்தில் அவள் கடைசியாக வந்ததே இல்லை.

லோகேஸ்வரனும் அங்கே இருந்தார். போட்டி நடத்துகிற கார் கிளப்பின் பையன் ஒருவன் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, "அண்ணே, நீங்க போட்ட எக்ஸாஸ்ட்தானே, என்னாச்சு?" என்று கேட்டான். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள்.

"வண்டி ஓகே லா. பைப்பும் ஓகே. அக்காவுக்குத்தான் கால்ல பயம். பெரிய பைப் போட்டா நல்லா மிதிக்கணும். வயசாயிருச்சு, மிதிக்கப் பயந்தா எப்படி?" என்று சிரித்தார் லோகேஸ்வரன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அந்த வீடியோ நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. டிரைவிங் ஸ்கூல் குரூப்புக்கும் போனது. மறுநாளே ஒரு மாணவியின் அம்மா ஸ்கூலுக்குப் போன் செய்து, வேறு டீச்சர் இருக்கிறார்களா என்று கேட்டாள். பிறகு இன்னொருத்தி கேட்டாள். ஸ்கூல் முதலாளி நல்லவர், சுற்றி வளைத்துப் பேசினார். கொஞ்ச நாளைக்கு டீச்சர் வகுப்பறையில் சட்டம் மட்டும் நடத்தட்டுமே, ரோட்டுக்கு வேறு ஆளை அனுப்பலாமே என்றார். அக்காவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார் என்று அதற்கு அர்த்தம். அவளுக்கு அந்த வேலையைத் தவிர வேறு எதுவும் இல்லை, அவள் வேறு எதையும் கேட்டதும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அண்ணன் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், மருமக்கள், நான், அக்கா. அண்ணி கறியைப் பரிமாறிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"போதும் குமாரி. ஊர் சிரிச்சது போதும். அந்தக் குழாயைக் கழட்டிப் போட்டுட்டு வண்டியை வித்துரு. உனக்கு இனிமே ஓட்ட வராது. வயசுக்குத் தகுந்த மாதிரி இரு."

மேசையில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அண்ணன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து கை கழுவிவிட்டாள்.

"எனக்கு ஓட்ட வருமா வராதான்னு நீங்க எப்படி அண்ணி சொல்றீங்க? என் வண்டியில நீங்க ஒரு நாள்கூட ஏறினதில்லையே" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. நான் மட்டும் போகும்போது கதவை அறைந்துவிட்டுப் போனேன், யாராவது ஒருவர் அறைய வேண்டாமா.

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தாலும் அக்காவுக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. காரில் வரும்போது, "ஒருவேளை நிஜமாவே என் கால்தானா சுபா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் தன்னைப் பற்றி அப்படி ஒரு சந்தேகம் பட்டு நான் கேட்டதே இல்லை. உங்கள் காலில் ஒரு தப்பும் இல்லை என்று சத்தியம் செய்தேன். என் சத்தியம் அவளுக்கு எதற்கு, அவளுக்குத் தேவை காரணம்.

அடுத்த சனிக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். கிளப் குரூப்பில் ஆளாளுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழாய் ரொம்பப் பெரிசு என்றான் ஒருவன். கம்ப்யூட்டரை மாற்றி எழுத வேண்டும் என்றான் இன்னொருவன். பிளக், ஃபில்டர், பெட்ரோல் பம்ப், எல்லாவற்றையும் மாற்று என்றான் மூன்றாமவன், அவன் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். அக்கா எதையும் மாற்றவில்லை.

"புதுசா ஓட்டப் பழகுறவங்க நாலு தப்புப் பண்ணுவாங்க. நாலையும் ஒரே நேரத்துல திருத்தினா எது எதனாலன்னு தெரியாமப் போயிரும். ஒண்ணைத்தான் தொடணும். முதல்ல பாக்கணும்" என்றாள்.

வண்டி ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்தது. ஸ்டார்ட் செய்தாள். முன்பக்கம், இஞ்சினுக்கு அடியிலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் சூடானதும் அது மெல்லக் குறைந்தது. பிறகு பின்பக்கம் போய்க் குழாயின் வாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினாள். விரல் கன்னங்கரேலென்று இருந்தது. பெட்ரோலும் முன்னைவிட அதிகம் குடிக்கிறது என்றாள்.

"கறுப்பாப் புகையுதுன்னா தேவைக்கு மேல பெட்ரோல் ஊத்துது. முன்னால டிக்டிக்குன்னா எங்கயோ மூட்டு பிரிஞ்சிருக்கு. ரெண்டும் ஒரே காரணமா இருக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கிற எனக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும். அக்கா பொறுமையாகச் சொன்னாள். குழாயில் முதல் மூட்டைத் தாண்டியதும் ஒரு சென்சார் இருக்கிறது. போகிற புகையில் காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்த்து இஞ்சினுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. மூட்டில் இடைவெளி இருந்தால் புகை வெளியே கசியும், தகரச் சத்தம் வரும். அதே இடைவெளி வழியாக வெளிக்காற்றும் உள்ளே போகும். சென்சார் அதைப் பார்த்து ஏமாந்து, காற்று அதிகம், பெட்ரோல் ஊற்று என்று சொல்லும். இஞ்சினும் ஊற்றும். அப்புறம் எப்படி இழுக்கும்?

"பக்கத்து சீட்டுல இருக்கிறவன் தப்பு வழி சொன்னா, ஓட்டுறவ எவ்வளவு நல்லா ஓட்டி என்ன?" என்றாள்.

வண்டியின் முன் சக்கரங்களை இரும்புச் சரிவுப் பலகைகள்மேல் ஏற்றினாள், பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாள். வண்டி மறுபடி நன்றாக ஆறும்வரை உட்கார்ந்து காப்பி குடித்தோம். பிறகு எனக்கு வேலை கொடுத்தாள். ஈரத் துண்டை நான்காக மடித்துப் பின்பக்கக் குழாயின் வாயை அடைத்துப் பிடிக்க வேண்டும். படித்த படிப்புக்கு நல்ல மரியாதை. இஞ்சினை ஓடவிட்டு அவள் கீழே போய், செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற புட்டியில் சோப்புத் தண்ணீரை நிரப்பி மூட்டு மூட்டாக அடித்தாள்.

"பிடி. விடாத. இன்னும் அழுத்து."

"கை சுடுது அக்கா!"

"சரி, விட்டுரு. கிடைச்சிருச்சு."

நான் போய் எட்டிப் பார்த்தேன். முதல் மூட்டின் ஒரு ஓரத்திலிருந்து சோப்பு நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மற்ற மூட்டுகளில் ஒரு குமிழ்கூட இல்லை. அக்கா கீழே படுத்தபடியே சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

இஞ்சினை நிறுத்தி, சூடு அடங்கியதும் மூட்டின் போல்ட்டுகளைக் கழற்றினாள். இரண்டு குழாயின் விளிம்புக்கும் நடுவே இருக்கிற கேஸ்கெட் ஒரு பக்கம் கருகிப் பிய்ந்திருந்தது. அங்கேயே விளிம்போடு ஏதோ ஒன்று ஒட்டிக்கிடந்தது. அக்கா அதை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். போல்ட்டு நசுக்கிச் சப்பையாகிப்போன ஒரு செம்புத் துண்டு. அதன் ஓரத்தில் எரிந்தது போக மிஞ்சிய கருப்புக் கயிற்று முடிச்சு.

"இது என்ன கழுதை?" என்றாள் அக்கா.

நான் உள்ளே போய் என் கைப்பையைக் கொண்டுவந்து, அண்ணி போட்டு வைத்த தாயத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். ஒன்று உருண்டை, ஒன்று சப்பை. மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

அக்கா மூட்டைத் தற்காலிகமாகப் பூட்டிக்கொண்டு நேரே லோகேஸ்வரனின் ஒர்க்ஷாப்புக்கு வண்டியை விட்டாள். தகரச் சத்தத்தோடு போய் வாசலில் நிறுத்தினோம். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அக்கா கையை விரித்துக் காட்டினாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"அலமாக்" என்று தலையில் கை வைத்தார்.

"இது உள்ள இருக்கிறது உனக்குத் தெரியுமா?"

லோகேஸ்வரன் சொன்னார். புதுக் குழாயைப் பொருத்துவதற்கு முந்திய நாள் அண்ணி குளுவாங்கிலிருந்து டாக்ஸி பிடித்து வந்திருக்கிறாள். ஸ்டாண்டில் கிடந்த குழாயின் இஞ்சின் பக்க வாய் ஓரத்தில் தாயத்தைக் கட்டி, கற்பூரம் காட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குமாரிக்குச் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். மறுநாள் குழாயைத் தூக்கிப் பொருத்தும்போது தாயத்து நழுவி விளிம்புக்கு வந்துவிட்டது. கயிற்றை வெட்டினால்தான் எடுக்க முடியும்.

"சாமி கயிறு அக்கா. நான் எப்படிக் கத்தி வைப்பேன்? வச்சா எனக்கு என்னாகும்? சூட்டுல கயிறு தானா எரிஞ்சிரும், போல்ட்டை இறுக்கினா தகடு அடங்கிரும்னு நினைச்சேன்."

"சரி. நினைச்சே. அடங்கலைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"மூவார்ல அந்தப் பையன் கேட்டானே, அப்ப உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுகிட்டேதானே என் கால்ல பயம்னு சொன்னே?"

"வேற என்ன அக்கா சொல்றது? அத்தனை பேர் முன்னால, உள்ள தாயத்து மாட்டிக்கிட்டிருக்குன்னா சொல்லுவேன்? சாமியையும் சிரிப்பாங்க, கடையையும் சிரிப்பாங்க."

"சாமியைக் காப்பாத்த என் காலைப் பலி குடுத்தியா?" என்றாள் அக்கா. "உன் கடையைச் சிரிக்கக்கூடாது, என்னைச் சிரிக்கலாம், அப்படித்தானே?"

அங்கே நின்ற நான்கைந்து வாடிக்கையாளர்களும் டீக்கிளாஸோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். லோகேஸ்வரன் இரண்டு கையையும் கூப்பி, குரலைத் தணித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். உள்ளே வாங்க அக்கா, பேசிக்கலாம் என்றார்.

"உள்ள வந்து பேச என்ன இருக்கு? என்னைப் பத்தி வெளியதானே பேசினே. மன்னிப்பு காதுக்குள்ள வேண்டாம். சொன்ன இடத்துலயே சொல்லணும். முதல்ல மூட்டைச் சரி பண்ணு."

அவரே விளிம்பைச் சுத்தமாகத் தேய்த்து, புதுக் கேஸ்கெட் வைத்து, எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினார். அக்கா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், மாணவன் பக்கத்தில் நிற்கிற மாதிரி. ஸ்டார்ட் செய்தபோது அந்தத் தகரச் சத்தம் இல்லை. அடிவயிற்றிலிருந்து வருகிற கனமான, நிதானமான சத்தம். மேட்டுக்குப் போனோம். மூன்றாவது கியரில், பாதி மிதியில், வண்டி ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அக்கா திருப்பிக்கொண்டு மறுபடி ஏறினாள். மூன்றாவது தடவை ஏறியபோது நான் ஜன்னலைத் திறந்து கத்தினேன், தோட்டத்தில் எனக்கு யாரைத் தெரியும், கத்தினால் என்ன.

திரும்பி வந்ததும் கைப்பேசியை லோகேஸ்வரன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் தயங்கினார். தாயத்துப் பேச்சு வேண்டாமே என்று கெஞ்சினார்.

"சாமியைப் பத்திப் பேச வேண்டாம். உன்னைப் பத்திப் பேசு."

அவர் பேசினார். மூவாரில் நான் சொன்னது தப்பு, மூட்டை நான் சரியாகப் போடவில்லை, எனக்கு அது தெரியும், தெரிந்தே அக்கா காலைச் சொன்னேன், அக்கா காலில் ஒரு குறையும் இல்லை. சொல்லும்போது முகம் தொங்கிவிட்டது. அதே கிளப் குரூப்பில் அவர் கையாலேயே போட வைத்தாள். திங்கட்கிழமை ஸ்கூல் முதலாளி போன் செய்து, ரோட்டு வகுப்புக்கு எப்போது வருகிறீர்கள் டீச்சர் என்று கேட்டார். வகுப்பறையில் பாதி நடத்தியிருக்கிறேன், அதை முடித்துவிட்டு வருகிறேன், காத்திருக்கச் சொல்லுங்கள் என்றாள் அக்கா. நானாக இருந்தால் குதித்துக்கொண்டு ஓடியிருப்பேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அக்கா முடிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டுக்கு அந்த வண்டியிலேயே போனாள், நானும் போனேன். எல்லாரும் வந்திருந்தார்கள். மேசையில் தட்டு வைத்தாகிவிட்டது. அக்கா அந்தச் செம்புத் துண்டைச் சுத்தமான துணியில் மடித்துக்கொண்டு போயிருந்தாள். சமையல்கட்டுக்குப் போய் அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி பிரித்துப் பார்த்தாள். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"எடுத்துட்டியா? நெம்பி எடுத்தியா? உனக்கு நெஞ்சுல பயமே இல்லையாடி? நான் யாருக்காகக் கட்டினேன்?"

"எனக்காகத்தான் கட்டினீங்க அண்ணி. தெரியும்."

"தெரிஞ்சுமா? நீ அந்த வண்டியில போற ஒவ்வொரு நாளும் போன் வருமோ வருமோன்னு உக்காந்திருக்கேன். நீ வீட்டுக்கு வந்துட்டேன்னு மெசேஜ் போடற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது." அண்ணி அழுதுகொண்டே பேசினாள். அக்காவுக்கும் கண் கலங்கியது, நான் பார்த்தேன். ஆனால் விடவில்லை.

"அண்ணி, பயம் உங்களோடது. அதைக் கொண்டுபோய் ஏன் என் வண்டியில கட்டினீங்க? நான் எப்படி ஓட்டுறேன்னு பாக்காமலே பயந்தீங்க, பாக்காமலே ஓட்ட வராதுன்னு சொன்னீங்க. என் வேலையே போகத் தெரிஞ்சுது. எனக்குக் காவல் வேணும்னா நீங்களே வாங்க. வந்து பக்கத்துல உக்காருங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

சோறு ஆறட்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு, அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போலப் பின் சீட்டுக் கதவைத் திறக்கப் போனாள். அக்கா முன் கதவைத் திறந்து பிடித்தாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். சீட் பெல்ட்டைப் போட்டதும் அண்ணியின் வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது, எந்த சாமி என்று கேட்கவில்லை.

பழைய ரோட்டில் தோட்டத்துப் பக்கம் போனோம். அக்கா வேகமாகத்தான் ஓட்டினாள், ரோடு அனுமதித்த அளவுக்கு. ஓர் இடத்தில் எதுவும் தெரியவில்லை, இரண்டு பக்கமும் செம்பனை, புதர். அக்கா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, "அண்ணி, பிடிச்சுக்குங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு மோட்டார்சைக்கிள், பின்னால் பனைக்குலை அறுக்கிற நீளக் கொக்கிக்கம்பு கட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டில் ஏறியது. எங்கள் வண்டி ஆடாமல் அசையாமல் நேராக நின்றது. அவன் போனான். அக்கா மறுபடி கிளம்பினாள்.

அண்ணி கழுத்தைத் திருப்பி அந்தப் புதரைப் பார்த்தாள்.

"அவன் வர்றது உனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"ரோட்டுல ஈர மண்ணு ஒட்டியிருந்துச்சு அண்ணி, டயர் தடம். உள்ளேர்ந்து யாரோ வந்து போய்க்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்."

"அதையெல்லாமா பாத்துக்கிட்டு ஓட்டுவே?"

"அதைப் பாக்கச் சொல்லித்தான் ஊருக்குச் சொல்லிக்குடுக்கிறேன்."

மேட்டில் ஏறும்போது அண்ணியின் வாய் முணுமுணுப்பதை நிறுத்தியிருந்தது. கதவுப் பிடியைப் பற்றியிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரோட்டு ஓரங்களை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் தானாகவே, "அங்க பாரு, நாய்" என்றாள். அக்கா ஏற்கெனவே பார்த்திருந்தாள், ஆனால் "ஆமா அண்ணி" என்று சொன்னாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அண்ணி இறங்கி நேராக உள்ளே போனாள். பசியோடு எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் நக்கலாக, "என்ன, உயிரோடதான் வந்திருக்கியா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணி உட்காரவில்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குமாரிக்கு ஓட்ட வராதுன்னு நான் இங்க நின்னுதான் சொன்னேன். தப்பு. அவளுக்கு நல்லா வரும். இங்க உக்காந்திருக்கிற யாரையும்விட நல்லா வரும். அப்பளம் நொறுக்கிக்கிட்டு இருந்த உங்களையும் சேத்துத்தான் சொல்றேன்."

அண்ணன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரிம்மா, ஓட்டட்டும். ஆனா அந்தச் சத்தம்?"

"எனக்குப் பழகிருச்சு" என்று சோற்றுக் கரண்டியை எடுத்தாள் அண்ணி. "நீங்களும் பழகிக்குங்க."